பெயரில்லாத ஏழு வரிகள்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஐரோப்பிய மிதிவண்டிப் பந்தயங்களுள் தலையாயது டூர் டி பிரான்ஸ். 1903 இல் தொடங்கியது. போர்களால் தடைப்பட்ட காலம் நீங்கலாக ஆண்டுதோறும் நடந்து வருவது. மூன்று வாரங்கள், மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சாலை, ஆல்ப்ஸ், பிரனீஸ் என இரு மலைத்தொடர்கள். அதன் வெற்றியாளர் பட்டியலைப் புரட்டுபவர் ஓரிடத்தில் தயங்கி நிற்க நேரும். 1999 முதல் 2005 வரை ஏழு வரிகளில் ஆண்டு இருக்கிறது, பெயர் இல்லை. பந்தயம் நடந்தது, மஞ்சள் சட்டை அணிவிக்கப்பட்டது, பாரிசில் பாட்டு முழங்கியது. வென்றவர் எவரும் இல்லை.

சற்று மேலே 1996 ஆம் ஆண்டின் வரியில் வேறொரு விநோதம். டென்மார்க்கின் பியார்ன ரீஸ் தாம் மருந்து உட்கொண்டே வென்றதாக 2007 இல் ஒப்புக்கொண்டார். அமைப்பாளர்கள் அவர் பெயரை நீக்கினார்கள். மறு ஆண்டே ஓர் அடிக்குறிப்போடு திரும்பச் சேர்த்தார்கள். நடவடிக்கைக்குரிய காலவரம்பு கடந்துவிட்டதாம். ஆக, ஒரே பட்டியலில் ஒரு குற்றத்துக்கு வெற்றிடம், அதே குற்றத்துக்கு அடிக்குறிப்பு. வாகை சூடியவனைப் பாடுவது புலவர் தொழில் என்றிருந்த மொழியில் இதைக் கேட்போர்க்கு ஒரு வினா எழாமல் இராது. பாடிய பாட்டைத் திரும்பப் பெறும் உரிமை யாருக்கு உண்டு? அதை யார் கொடுத்தார்கள்? ஊக்கமருந்துத் தடுப்பு ஆட்சி என்று வறட்டுப் பெயரால் வழங்குவதன் உள்ளே இருப்பது இந்த வினாதான்.

இப்பந்தயம் பிறந்ததே ஒரு செய்தித்தாளின் வயிற்றில். 'லோட்டோ' என்னும் விளையாட்டு நாளேடு தன் விற்பனையைப் பெருக்க இதைத் தொடங்கிற்று. அதன் ஆசிரியர் ஆன்ரி தெகிராஞ்சே பந்தயத்தின் தலைவர், சட்டம் வகுப்பவர், தண்டனை விதிப்பவர், காவியம் பாடுபவர் எல்லாம். அவ்வேடு மஞ்சள் தாளில் அச்சாயிற்று. 1919 இல் முதல்வருக்கு மஞ்சள் சட்டை வந்தது. பந்தயத்தை விற்பவனும் அதன் அறத்தைக் காப்பவனும் ஒருவனே என்னும் ஏற்பாடு தொடக்கத்திலேயே இப்படி அமைந்துவிட்டது. பின்னர் நேர்ந்தவற்றில் பெரும்பகுதி அதன் நீட்சியே.

1924 இல் ஆன்ரி பெலிசியர், அவருடைய தம்பி பிரான்சிஸ், தோழர் மொரிஸ் வீல் மூவரும் கூட்டான்ஸ் என்னும் ஊரில் பந்தயத்தை விட்டு விலகினார்கள். காரணம் ஒரு சட்டை. புறப்படும்போது உடுத்த துணி அத்தனையும் முடிக்கும்போதும் உடலில் இருக்க வேண்டும் என்பது தெகிராஞ்சேயின் விதி. இருளிலும் குளிரிலும் புறப்படுபவன் வெயில் ஏறியதும் ஒன்றைக் கழற்றி எறிந்தால் தண்டனை. எத்தனை சட்டை என்று எண்ணிப் பார்க்க ஓர் அதிகாரி ஆன்ரியின் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். முந்தைய ஆண்டு பந்தயத்தை வென்ற மனிதர் அவர், பொறுக்கவில்லை.

அவர்களைத் தேடிச் சென்று சிற்றுண்டிச் சாலையில் கண்டவர் ஆல்பர் லோந்த்ர். மிதிவண்டி அறியாதவர், ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுதான் கயானாவின் கடுங்காவல் தீவுகளுக்குச் சென்று அங்குள்ள கைதிகளைப் பற்றி எழுதி நாட்டையே உலுக்கியவர். பெலிசியர்கள் தம் பைகளைக் கவிழ்த்துக் காட்டினார்கள். கண்ணுக்குக் கொக்கெய்ன், ஈறுக்குக் குளோரோபாரம், இன்னும் வகை வகையான மாத்திரைகள். 'சாலையின் கடுங்காவல் கைதிகள்' என்னும் தொடர் அன்றைய கட்டுரைகளோடு இன்றளவும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. லோந்த்ரிடம் கொஞ்சம் கூட்டித்தான் சொன்னோம் என்று பிரான்சிஸ் பிற்காலத்தில் கூறியதும் உண்டு. இருக்கட்டும். பையில் இருந்தவை பொய்யல்ல. அக்காலத்தில் அது குற்றமாகக் கருதப்படவும் இல்லை. 1930 இல் நாட்டு அணிகளின் செலவை அமைப்பாளர்களே ஏற்றபோது, ஊக்கப் பொருள்கள் மட்டும் தங்கள் செலவில் வழங்கப்படமாட்டா என்று விதிநூல் நினைவூட்டிற்று. தடுக்கவில்லை, கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவே.

தெற்கே புரோவான்சில் வென்டூ என்றொரு தனிமலை. உயரம் 1,900 மீட்டருக்குச் சற்று மேல். உச்சிப் பகுதியில் மரமில்லை. வெண்ணிறச் சுண்ணாம்புக்கல் மட்டும் வெயிலில் கண்ணைக் கூசச் செய்யும். கவிஞர்களுக்கு இம்மலை புதிதன்று. 1336 ஏப்ரல் 26 அன்று இத்தாலியக் கவி பெட்ரார்க் தம் தம்பியோடு இதன் உச்சி ஏறியதாக ஒரு கடிதத்தில் எழுதினார். மேலே நின்று புனித அகஸ்டினின் நூலைத் திறந்தாராம். மலையை வியந்தது போதும், தன் உள்ளத்தைப் பார் என்று அது அவரைத் திருப்பிற்றாம். அக்கடிதம் ஏறிய அன்று எழுதியதன்று, பல ஆண்டுகள் கழித்துச் செதுக்கியது என்று கருதும் ஆய்வாளர் பலர். எப்படியாயினும் உயரத்தில் ஏறி உள்ளே நோக்குதல் என்னும் ஐரோப்பியக் கற்பனைக்கு வென்டூ ஒரு தொடக்கம்.

அதே மலையில் 1955 இல் ழான் மலேஜாக் என்னும் வீரர் வண்டியோடு சரிந்தார். ஒரு கால் மட்டும் காற்றில் மிதித்துக்கொண்டே இருந்தது என்பர். பந்தய மருத்துவர் பியேர் துமா அவருடைய இறுகிய தாடையை நெம்பித் திறந்து உயிர் மீட்டார். இரண்டாண்டுகளுக்குப் பின் ரோலான் பார்த் தம் 'தொன்மங்கள்' நூலில் இப்பந்தயத்தை ஒரு காவியமாகப் படித்துக் காட்டியபோது, வென்டூவைப் பலி கேட்கும் தெய்வமாக வருணித்தார். உவமையாகச் சொன்னது அது. 1967 ஜூலை 13 அன்று உவமை என்னும் வேலி விழுந்தது.

அன்று இறந்தவர் டாம் சிம்ப்சன், இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகன், 1965 இன் உலகச் சாம்பியன், வயது 29. கடும் வெயில். உச்சிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் அளவில் சாலையில் நெளிந்து நெளிந்து சென்று விழுந்தார். ஏற்றிவிட்டார்கள். மீண்டும் விழுந்தார். கைகள் பிடிகம்பியை விடாமல் பற்றியிருந்தன. அவருக்கு மூச்சூட்ட முயன்றவரும் அதே துமா. ஹெலிகாப்டரில் அவிஞோன் நகருக்குக் கொண்டு சென்றும் பயனில்லை. சட்டைப் பையில் மாத்திரைக் குப்பிகள். பிணக்கூறு ஆய்வில் ஆம்பெட்டமினும் மதுவும். ஆம்பெட்டமின் வலுவைத் தருவதில்லை. களைப்பை உடல் சொல்லும் செய்தியை அறுத்துவிடுகிறது. வெப்பம் எல்லை மீறியதை அறிவிக்க வேண்டிய காவலனை உறங்க வைத்துவிட்டு மலை ஏறினால் என்ன நேருமோ அது நேர்ந்தது. தன்னை மீண்டும் வண்டியில் ஏற்றச் சொன்னதே அவருடைய கடைசிச் சொல் என்று உலகெங்கும் அச்சாயிற்று. அது ஒரு செய்தியாளரின் கைவண்ணம் என்று பின்னர்க் கூறப்பட்டது. சாவு நடந்த இடத்திலும் காவியம் எழுதும் கை சும்மா இருப்பதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. பிரான்ஸ் 1965 இலேயே விளையாட்டில் ஊக்கப் பொருள்களைத் தண்டனைக்குரியவை ஆக்கியிருந்தது. 1966 இல் போர்தோ நகரில் ரேமோன் பூலிதோர் சிறுநீர் சோதனைக்கு அழைக்கப்பட்டார். டூர் வரலாற்றில் முதல் சோதனை அதுவே. மறுநாள் வீரர் கூட்டம் வண்டியை விட்டு இறங்கிச் சிறிது தொலைவு நடந்து எதிர்ப்பைக் காட்டிற்று. ஐந்து முறை வென்ற ழாக் ஆங்கத்தில் ஒளிக்காமல் பேசினார்: இப்படியொரு பந்தயத்தை வெறுந்தண்ணீரில் ஓட்ட முடியும் என்று நினைப்பவன் அறிவிலி என்பது அவர் வாதத்தின் சாரம். 1967 இல் ஒரு மணி நேரச் சாதனை ஒன்றை முறியடித்தபின் சோதனைக்கு இணங்க மறுத்ததால் அவருடைய சாதனை ஏற்கப்படாமல் போயிற்று. அவரை நயவஞ்சகர் என்று எவரும் சொல்ல முடியாது. பின்னால் வந்தவர்களை நோக்க அந்த வெளிப்படையே ஒருவகை மேன்மையாகத் தோன்றுகிறது. ஆனால் கடுமையான உழைப்பு, ஆகவே மருந்து என்னும் அவர் வாதத்தில், கடுமையை வகுத்தவனைக் கேள்வி கேட்கும் பகுதி மட்டும் விடுபட்டுப் போயிற்று. பெலிசியர்கள் அதையும் கேட்டார்கள்.

சோதனை வந்ததும் சோதனையை ஏமாற்றும் கலையும் வந்தது. 1978 இல் பெல்ஜியத்தின் மிஷெல் பொலந்தியே ஆல்ப் துயெஸ் மலையில் வென்று மஞ்சள் சட்டை பெற்றார். அன்று மாலையே, பிறர் சிறுநீரை அக்குளில் ரப்பர்க் குமிழில் மறைத்துக் குழாய் வழியே கொடுக்க முயன்றபோது அகப்பட்டார். கூத்தில் வரும் காட்சி போன்றது. பத்தாண்டு கழித்து நடந்ததில் சிரிப்புக்கு இடமில்லை. 1988 இல் ஸ்பெயினின் பேத்ரோ தெல்காதோவின் சிறுநீரில் புரோபெனெசிட் கண்டறியப்பட்டது. வேறு மருந்தின் தடயத்தை மறைக்கப் பயன்படக்கூடிய பொருள் அது. ஒலிம்பிக் குழுவின் தடைப்பட்டியலில் இருந்தது. பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியத்தின் பட்டியலில் இன்னும் ஏறவில்லை. தெல்காதோ பந்தயத்தை வென்றார். சட்டப்படி எவரும் தவறு காண முடியாது. எந்தப் பொருள் குற்றம் என்பது அந்தந்த அமைப்பு தன் பட்டியலை அச்சிட்ட நாளைப் பொறுத்தது என்று அன்று உலகம் கண்டது.

தொண்ணூறுகளில் வந்தது வேறு வகை மருந்து. எரித்ரோபொயட்டின் என்பது சிறுநீரகம் சுரக்கும் இயக்குநீர். எலும்பு மச்சையை நோக்கிச் சிவப்பணுக்களைப் பெருக்கு என்று ஆணையிடுவது. சிறுநீரகம் பழுதுற்றோரின் இரத்தச் சோகைக்காகச் செயற்கையில் உருவாக்கி எண்பதுகளின் இறுதியில் சந்தைக்கு விட்டார்கள். சிவப்பணு கூடினால் தசைக்கு உயிர்வளி கூடும். ஆம்பெட்டமின் களைப்பை மறைத்தது. இது களைப்பையே ஒத்திப்போட்டது. பழைய மருந்து நல்ல வீரனைச் சிறிது உந்தியிருக்கலாம். இது வரிசையையே மாற்றிப் போட்டது. விலை இரத்தம் தடித்தல். உடலில் இயல்பாக உள்ள பொருளே ஆதலால் பத்தாண்டுக் காலம் அதைக் கண்டறியச் சோதனையே இல்லை. பிரான்சின் ஆய்வகம் ஒன்று 2000 ஆம் ஆண்டில்தான் சிறுநீரில் காணும் வழியை வெளியிட்டது.

இடைக்காலத்தில் ஒன்றியம் 1997 இல் ஓர் எல்லையை வகுத்தது. இரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு 50 விழுக்காட்டைத் தாண்டினால் வீரர் பதினைந்து நாள் ஓய்வு கொள்ள வேண்டும். தண்டனை அன்று, உடல்நலக் காப்பு என்றார்கள். நோக்கம் நல்லது. ஆனால் வீரர்கள் அதைப் படித்த விதம் வேறு. 50 வரை போகலாம் என்று ஒன்றியமே சொல்லிவிட்டதாக எடுத்துக்கொண்டார்கள். இரத்தத்தைச் சுழற்றி அளக்கும் சிறு கருவிகள் விடுதி அறைகளுக்கு வந்தன. காலையில் சோதகர் கதவைத் தட்டினால் உப்புநீரை ஏற்றி இரத்தத்தை நீர்க்கச் செய்தார்கள். இயற்கையில் 42 உள்ளவனுக்கு எட்டுப் படி இடம். 48 உள்ளவனுக்கு இரண்டே படி. சமத்துவம் என்று சிலர் இதற்குப் பெயரிட்டது இன்னும் வியப்பு. 1998 இல் இத்தாலியப் பந்தயத்தையும் பிரெஞ்சுப் பந்தயத்தையும் ஒரே ஆண்டில் வென்ற மார்க்கோ பந்தானி, மறு ஆண்டு இத்தாலியப் பந்தயம் முடியும் தறுவாயில் மதோன்னா தி காம்பீலியோவில் இவ்வெல்லையைத் தாண்டியதாக வெளியேற்றப்பட்டார். அதன் பின் மனிதர் தேறவில்லை. 2004 பிப்ரவரி 14 அன்று ரிமினி நகரின் விடுதியறை ஒன்றில் கொக்கெய்ன் மிகுதியால் இறந்துகிடந்தார். வயது 34.

ஒன்றியத்தின் சோதனைகள் கண்டதைவிட ஒரு சுங்கச் சாவடி ஒரே காலையில் அதிகம் கண்டது. 1998 ஜூலை 8 அன்று பெல்ஜிய எல்லையில் வில்லி வோயெ என்பவரின் கார் நிறுத்தப்பட்டது. பெஸ்தினா அணியின் உடற்பிடிப்புப் பணியாளர். காருக்குள் எரித்ரோபொயட்டினும் வளர்ச்சி இயக்குநீரும் டெஸ்டாஸ்டிரோனும் நூற்றுக்கணக்கில். அணி வெளியேற்றப்பட்டது, விடுதிகளில் காவல்துறை நுழைந்தது, வீரர்கள் சாலையில் அமர்ந்தார்கள். புறப்பட்டவர் 189, பாரிசை எட்டியவர் 96. இக்கொந்தளிப்பின் விளைவாகவே 1999 இல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை தோன்றிற்று. அரசுகளும் ஒலிம்பிக் இயக்கமும் சரிபாதியாக ஆளும் அமைப்பு. அதன் விதித்தொகுப்பு 2004 இல் நடைமுறைக்கு வந்தபின், ஒவ்வொரு விளையாட்டும் தனக்கொரு பட்டியல் வைத்திருந்த நிலை முடிந்தது.

இங்கே சொற்களைப் பற்றிச் சிறிது நின்று பேசலாம்; கவிஞர்கள் கூடிய அவை இது. வீரர் கூட்டத்தில் எவரும் மருந்து என்ற சொல்லைச் சொல்வதில்லை. கொதிகலனுக்குக் கரி போடுதல் என்பார்கள். தயாரிப்பு என்பார்கள். அமெரிக்க அணியில் 'நிரல்' என்றார்கள். இத்தாலியில் கொப்பி காலத்தில் 'குண்டு'. எரித்ரோபொயட்டினின் சுருக்கெழுத்துகளைக் கலைத்தால் எட்கர் ஆலன் போவின் பெயர் வரும்; ஆகவே அமெரிக்க அணியினர் அதை எட்கர் என்று அழைத்தார்கள். ஒரு கவியின் பெயருக்கு இப்படியும் ஒரு பயன். மாட்ரிட் மருத்துவர் எயுபெமியானோ புவென்தெஸின் உறைபெட்டிகளில் 2006 இல் காவல்துறை கண்ட இரத்தப் பைகளில் மாற்றுப்பெயர்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று ஒரு வீரரின் நாயின் பெயர். மருந்தில்லாமல் ஓட்டுவதற்கும் ஒரு சொல் உண்டு: தெளிந்த நீரில் ஓட்டுதல். கேட்க இனிய தொடர். வழங்கியது பெரும்பாலும் ஏளனமாக.

வெளியே சொல்பவனுக்கோ, தான் குடிக்கும் கஞ்சியில் உமிழ்பவன் என்று பெயர். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்னும் நம் வழக்குக்கு அடுத்த வீடு. இதன் பின்னால் பந்தயத்தின் இயற்பியலே இருக்கிறது. கூட்டத்தின் நடுவே ஓட்டுபவனுக்குக் காற்றின் எதிர்ப்பு வெகுவாகக் குறைகிறது. பிறர் முதுகின் பின்னே தங்க இடம் கிடைக்காதவன் எத்தனை வலியவனாயினும் நாள் முழுவதும் தாக்குப்பிடிக்க மாட்டான். எனவே ஊர்விலக்கு இங்கே வெறும் அவமதிப்பன்று, காற்றிலே எறிந்துவிடுவது.

அப்படி எறியப்பட்டவர் கிறிஸ்தோப் பசோன். பெஸ்தினா அணியில் இருந்தவர். அவ்வணி வீரர்கள் காவல்துறையிடம் கொடுத்த வாக்குமூலங்களில் மருந்தைத் தொடாதவர் என்று பெயர் பெற்றவர் அவர். 1999 டூரில் வேறு அணிக்காக ஓடிக்கொண்டே ஒரு பாரிஸ் நாளேட்டில் நாட்குறிப்பு எழுதினார். முந்தைய ஆண்டின் கேட்டுக்குப் பின் எல்லாம் தூய்மையாகிவிட்டது என்ற பேச்சு ஓங்கியிருந்த நேரம், வேகமோ குறையவில்லை. அதைத்தான் அவர் எழுதினார். ஆல்ப் துயெஸ் நோக்கிய நாளில், தொடக்கத்தில் மெல்லச் செல்வது என்று கூட்டம் முடிவு செய்திருந்தது, அவருக்குச் சொல்லப்படவில்லை. அவர் தனியே முந்தினார். கூட்டம் துரத்திப் பிடித்தது. மஞ்சள் சட்டையில் இருந்த லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் அவர் தோளில் கை வைத்து, இப்பேச்சு விளையாட்டுக்குக் கேடு, போய்விடுவது நல்லது என்ற பொருள்பட அறிவுறுத்தினார். அணித்தோழரும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து விடியலில் பசோன் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீடு திரும்பினார். பத்திரிகைகளில் அவர் பக்கம் நின்றவர் சிலர் உண்டு. பலருக்கு அந்த ஆண்டு வேண்டியிருந்தது புற்றுநோயை வென்று வந்தவனின் கதை.

அக்கதையின் நாயகர் ஏழு முறை வென்றார். 1999 பந்தயத்திலேயே அவர் சிறுநீரில் கார்ட்டிசோன் வகைப் பொருள் கண்டது. நாள் முன்தேதியிட்ட மருத்துவச் சீட்டு ஒன்றைப் பெற்றுக்கொண்டு ஒன்றியம் கோப்பை மூடிற்று. பின்னர் அவர் ஒன்றியத்துக்கு 25,000 டாலரும் 1,00,000 டாலரும் இரு தவணையாக நன்கொடை அளித்தார். மருந்துத் தடுப்புப் பணிக்காம். 1999 இன் பழைய மாதிரிகளில் எரித்ரோபொயட்டின் இருந்ததை 2005 இல் ஒரு பிரெஞ்சு நாளேடு வெளியிட்டபோது ஒன்றியம் தனி அறிக்கை ஒன்றைத் தயாரிக்கச் செய்து அவரைக் காத்தது. அவ்வறிக்கையின் வரைவில் ஆம்ஸ்ட்ராங் தரப்பு வழக்கறிஞரின் கை இருந்ததாகப் பிந்தைய விசாரணை கூறிற்று.

அவரை வீழ்த்தியது எந்தச் சோதனையும் அன்று, பேச்சு. 2010 இல் பழைய அணித்தோழர் பிளாய்ட் லாண்டிஸ் எழுதிய கடிதங்களில் தொடங்கிற்று. அவரும் 2006 இன் பட்டத்தை டெஸ்டாஸ்டிரோனால் இழந்தவர். அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2012 அக்டோபரில் ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட சான்றுகளோடு தீர்ப்பை வெளியிட்டது. சாட்சியம் கூறியோர் 26 பேர். அவர்களுள் 15 பேர் உடன் ஓடிய வீரர்கள். அந்த மாதம் 22 ஆம் நாள் ஒன்றியம் அதை ஏற்றது. ஏழு வரிகள் வெறுமையாயின. இரண்டாமிடத்தாரை உயர்த்தலாமே என்றால், அம்முகமையின் கணக்குப்படி அந்த ஏழாண்டுகளில் முதல் மூன்றிடம் பெற்ற 21 பேரில் 20 பேர் ஏதோ ஒரு வகையில் மருந்தோடு தொடர்புடையவர்கள். பெயர் வைக்க ஆளில்லை.

ஒன்றியம் தன்னைத் தானே ஆராய அமைத்த தனிக்குழு 2015 மார்ச்சில் அறிக்கை தந்தது. சுவிட்சர்லாந்தின் டிக் மார்ட்டி தலைவர். கையூட்டுக்குச் சான்றில்லை என்றது. ஆனால் அவருக்குச் சலுகை காட்டப்பட்டது, விதிகள் வளைக்கப்பட்டன என்றது. 2009 இல் ஓய்வினின்று மீண்டபோது, ஆறு மாதம் சோதனை வளையத்துள் இருந்தாக வேண்டும் என்ற விதி அவருக்காகத் தளர்த்தப்பட்டு ஆஸ்திரேலியப் பந்தயத்தில் ஓட விடப்பட்டதை எடுத்துக் காட்டிற்று. கையூட்டு இருந்திருந்தால் ஒருவகையில் ஆறுதலாக இருந்திருக்கும். கெட்டவன் ஒருவனைச் சுட்டிவிடலாம். இங்கே நடந்தது அதைவிடச் சாதாரணம். பந்தயத்தை அமெரிக்காவுக்கும் உலகுக்கும் விற்றுத் தரும் ஒரு முகத்தைக் காப்பது அமைப்பின் நலன் என்று அதன் தலைவர்கள் உண்மையாகவே நம்பினார்கள். தெகிராஞ்சேயின் ஏற்பாடுதான், நாளேட்டுக்குப் பதில் ஓர் ஒன்றியம்.

அந்த ஏற்பாடு ஒருமுறை தற்செயலாக உடைந்ததும் உண்டு. 2008 இல் டூர் அமைப்பாளர்களுக்கும் ஒன்றியத்துக்கும் இடையே மூண்ட பூசலால் பந்தயம் பிரெஞ்சுக் கூட்டமைப்பின் கீழ் நடந்தது. சோதனை பிரான்சின் தேசிய முகமையின் கைக்குப் போயிற்று. மூன்றாம் தலைமுறை எரித்ரோபொயட்டினுக்குச் சோதனை இருக்காது என்று நம்பி வந்தவர்கள் அகப்பட்டார்கள்: ரிக்கோ, பியேப்போலி, ஷூமாகர், மூன்றாமிடம் பெற்ற பெர்ன்ஹார்ட் கோல். விற்பவன் வேறு, சோதிப்பவன் வேறு என்றானதும் என்ன நிகழ்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ஆயினும் முறைப்படி அது நிலைக்க நெடுங்காலம் ஆயிற்று. ஒன்றியம் முதலில் தன் நிழலிலேயே ஓர் அறக்கட்டளையை வைத்தது. லோசானில் உள்ள பன்னாட்டுச் சோதனை முகமையிடம் மிதிவண்டிப் பந்தயத்தின் சோதனைப் பணி ஒப்படைக்கப்பட்டது 2021 இல்தான்.

அதே 2008 இல் வந்த உயிரியல் கடவுச்சீட்டு சிந்தனையளவில் பெரிய திருப்பம். மருந்தைத் தேடுவதை விட்டு உடலின் வரலாற்றை வாசிக்கும் முறை. ஒரு வீரரின் ஹீமோகுளோபின், இளஞ்சிவப்பணுக்களின் விகிதம் முதலியன ஆண்டுக்கணக்கில் பதியப்படும். எரித்ரோபொயட்டின் ஏற்றினால் இளம் அணுக்கள் கூடும். நிறுத்தினாலோ, சேமித்த சொந்த இரத்தத்தை ஏற்றினாலோ அவை குறையும். எல்லோர்க்கும் பொதுவான 50 என்ற கோடு போய், அவரவர்க்கு அவரவரே அளவுகோல். தனி மனிதரின் நடையை வைத்துப் பாட்டு அவருடையதா இடைச்செருகலா என்று பதிப்பாசிரியர் தெளிவதைப் போன்றது எனலாம். அதன் குறையும் பதிப்பாசிரியரின் குறையே: கைதேர்ந்தவன் சிறுகச் சிறுகச் செருகினால் நடை மாறாது. நுண்ணளவில் மருந்தேற்றும் பழக்கம் அப்படியே வந்தது. எர்புர்ட் நகர மருத்துவர் ஒருவர் பல துறை வீரர்களுக்கு இரத்தம் மாற்றியதை 2019 இல் மீண்டும் காவல்துறையே கண்டது. கடவுச்சீட்டு கேட்டை ஒழிக்கவில்லை. அதன் அளவைக் கட்டிற்று.

இதற்கு வீரர்கள் கொடுக்கும் விலை சிறிதன்று. உயர்நிலைச் சோதனை வளையத்துள் இருப்பவர் ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம் இன்ன இடத்தில் இருப்பேன் என்று முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். பன்னிரண்டு மாதத்தில் மூன்று தவறினால் மருந்துண்டவனுக்குச் சமம். அறிமுகமில்லாதவர் முன் ஆடை களைந்து சிறுநீர் தர வேண்டும். 2025 பிப்ரவரியில் கார்பன் மோனாக்சைடை மீண்டும் மீண்டும் முகர்வதை ஒன்றியம் தடை செய்தது. இரத்த அளவைக் கணிக்கும் மருத்துவக் கருவியே இரத்தத்தைப் பெருக்கும் வழியாகலாம் என்ற அச்சம். பட்டியல் நீள்கிறது. குற்றமற்றவரும் ஒவ்வொரு நாளும் தம்மைக் குற்றமற்றவர் என்று மெய்ப்பித்துக்கொண்டிருக்க வேண்டிய தொழில் இது ஒன்றாகத்தான் இருக்கும். இக்கண்காணிப்பை வேண்டியவர்களில் முதல்வர்கள் தெளிந்த நீரில் ஓட்டியவர்களே என்பதையும் மறக்கலாகாது. அவர்களுக்குத்தான் களவு போனது.

எத்தனை போயிற்று என்பதற்குக் கணக்கில்லை. ஏழு வரிகளின் வெற்றிடம் முதலிடம் பெற்றவரின் இழப்பை மட்டுமே காட்டுகிறது. நாற்பதாமிடத்தில் இருக்க வேண்டியவர் நேரம் தவறி வெளியேறியதும், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் ஊர் திரும்பி வேறு பிழைப்புத் தேடியதும் எந்தப் பட்டியலிலும் வெற்றிடமாகக்கூட இல்லை. ஆம்ஸ்ட்ராங் 2013 ஜனவரியில் தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார். 2018 இல் அமெரிக்க அரசுக்கு ஐம்பது இலட்சம் டாலர் தந்து வழக்கை முடித்தார். அவருக்கு ஒரு முடிவுரை கிடைத்தது.

பசோன் 2001 இல் தொழில்முறைப் பந்தயத்தை விட்டார். பின்னர் பிரெஞ்சு விளையாட்டுத் துறையின் வட்டார அலுவலகத்தில் ஊக்கமருந்துத் தடுப்புப் பணியில் சேர்ந்தார். பொழுதுபோக்காக மலைவண்டி ஓட்டுவதுண்டு. 2012 இல் தேசிய அளவிலான மலைவண்டிப் போட்டி ஒன்றில் இறங்கி, களைத்துப் பாதியில் விலகி வீடு நோக்கிப் புறப்பட்டுவிட்டார். சோதனைக்கு அவர் பெயர் குறிக்கப்பட்டிருந்த செய்தி தொலைபேசியில் வந்தபோது வெகுதொலைவு கடந்திருந்தார். சோதனைக்கு வராத குற்றத்துக்காகக் கூட்டமைப்பு அவருக்கு ஓராண்டுத் தடை விதித்தது. ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு பட்டங்களும் பறிபோன அதே அக்டோபர் மாதம் அது. விதி யாவர்க்கும் ஒன்று என்பதை முதலில் ஒப்புபவர் அவராகத்தான் இருப்பார். மேல்முறையீட்டில் தடை ஒரு மாதமாகக் குறைந்தது.